வீதிக்குரிய உரிமையைக் கொடுங்கள், பிள்ளையைச் சைக்கிளிலிருந்து இறக்காதீர்கள்



நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுத் திட்ட வேண்டாம்.

நம் ஊர்களில் இரண்டு பேச்சு ஒரே வாயிலிருந்து வருகிறது. ஒன்று: "நம்மட குளங்களையும் களப்புகளையும் சுற்றிச் சைக்கிள் பாதை போட்டா வெள்ளைக்காரன் வருவான், டொலர் வரும்." மற்றது: "பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்குச் சைக்கிள்? எட்டாம் ஆண்டுக்கு வந்துட்டாள், இறக்குங்க."

அறுகம்பேயில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பாணமைப் பக்கம் போகும் வெளிநாட்டுப் பெண்ணைக் கண்டால் மறித்து செல்பி எடுத்து, "எமது மண்ணின் அழகைத் தேடி" என்று பேஸ்புக்கில் போடுகிறார்கள். அதே ஆள் மறுநாள் சொந்த ஊர்ச் சந்தியில் நின்று, டியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து, "இவள்ர வாப்பா என்ன செய்றான்?" என்று கேட்கிறார்.

இந்த இரண்டு பேச்சும் ஒன்றாக நிற்காது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் என்றால், சனிக்கிழமைகளில் சுபஹ் தொழுதுவிட்டுச் சைக்கிளில் புறப்படும் சில ஆசிரியர்கள். பந்தயக்காரர்கள் இல்லை. கியர் சைக்கிள் எங்களில் ஒருவரிடம்தான் இருக்கிறது. மற்றவை லுமாலாவும், வாப்பாமார் விட்டுச்சென்ற பழைய ரலியும். இந்தச் சைக்கிள்களில் அம்பாறை மாவட்டத்தின் குளத்து வீதிகளில் பலவற்றில் போய் வந்திருக்கிறோம். ஆகவே படம் பார்த்துப் பேசவில்லை.

முதலில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று சொல்கிறோம். நம்மில் பலருக்கு அது தெரியாது. ஓகஸ்ட் விடுமுறை வந்தால் ஹயஸ் வான் பிடித்து நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போகிறோம். காலடியில் கிடப்பதைக் கண்ணாடி ஏற்றிய வாகனத்தில் கடந்து போகிறோம்.

முதலாவது, அக்கரைப்பற்றிலிருந்து அம்பாறை வீதி. கடற்கரை ஊரின் நெரிசல் முடிந்த கையோடு வயல் திறக்கிறது. மாரிப்போகத்தில் மார்கழி, தை மாதங்களில் போனால் இரு பக்கமும் பச்சை. பங்குனியில் போனால் வைக்கோல் வாசம். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வந்து இறக்காமத்துக்குள் திரும்பினால் குளம் ஊரோடு ஒட்டிக் கிடக்கும். காலையில் தோணிக்காரர் வலை எடுத்து வரும் நேரம் குளக்கட்டில் நின்று பாருங்கள். ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயது மூத்தாப்பாவும் ஓடக்கூடிய வீதி இது.

இரண்டாவது, அம்பாறையிலிருந்து இங்கினியாகலை. ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நகரை விட்டு வெளியேறும்போதே கொண்டவட்டுவான் குளம் பக்கத்தில் வந்துவிடும். கரையில் மருத மரம், தண்ணீரில் கூழைக்கடா, தூரத்தில் மலை. வீதி முடியும் இடத்தில் சேனநாயக்க சமுத்திரம், இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். நாம் பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் கல்ஓயாவை மறித்துக் கட்டும் வேலை 1949இல் தொடங்கியது. நம் வாப்பாமாரின் வயலுக்கு இன்றைக்கும் பாய்வது அந்தத் தண்ணீர்தான். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த அணைக்கட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? பாடத்தில் பெயரை எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே பொத்துவில். தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் குளமும் காடும் மாறி மாறி வரும். கோமாரிக்கு அருகே சங்கமன்கண்டி முனை இருக்கிறது. இந்தத் தீவின் கிழக்கு எல்லை அது. போக மட்டும் 45 கிலோமீற்றர் வரை வரும். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். போய், பஸ்ஸில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

நான்காவது, அறுகம்பேயிலிருந்து பாணமை. வெளிநாட்டவர் தேடிப் போகும் வீதி. களப்பு, வயல், பாறை. யானையும் முதலையும் உள்ள இடம்.

நேரம் பார்க்கத் தெரிய வேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து நெருப்பு மாதிரி வரும். காலை ஆறு மணிக்குக் காற்று எழும்ப முன் மேற்கே போய்விட்டு, ஒன்பது பத்து மணிக்கு அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பினால் மிதிக்கவே தேவையில்லை. மாறிப் போனால் பிராணன் போகும். யானை நடமாடும் இங்கினியாகலை, லகுகலை, பாணமைப் பக்கங்களுக்கு நன்றாக வெளிச்சம் வந்தபின் போய், அஸருக்கு முன் திரும்ப வேண்டும். இது வயலுக்குப் போகும் எந்த மனிதரைக் கேட்டாலும் சொல்லும் விசயம்.

அங்கேதான் எங்கள் முதல் வாதம். சைக்கிள் பாதை "போட வேண்டும்" என்று பேசுபவர்கள், அது ஏற்கெனவே இருப்பதைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைப் பாரில் கட்டி, தண்ணீர்ப் போத்தலை ஹாண்டிலில் தொங்கவிட்டு, விடியப்புறம் வயலுக்குப் போகிறவரின் பாதை அது. பின் கெரியரில் மீன் பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு குடியேற்றக் கிராமங்கள் வரைக்கும் போன காக்காமாரின் பாதை. வெள்ளைச் சீருடையில் வரிசையாகப் போகும் பிள்ளைகளின் பாதை. இவர்களுக்கு யாரும் அம்புக்குறிப் பலகை நட்டுக் கொடுக்கவில்லை. அவர்களை வீதியின் விளிம்புக்குத் தள்ளிவிட்டு, டொலர் கொண்டு வருபவருக்குப் பாதை தேடுவது என்ன நியாயம்?

விளிம்பு என்று சும்மா சொல்லவில்லை. வீதிகளைக் காபட் போட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ், நல்லது. ஆனால் பல இடங்களில் தார்ப்படை உயர்ந்து, ஓரத்து மண் கீழே போய்விட்டது. இடையில் ஒரு சாண் பள்ளம். பின்னால் டிப்பர் ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரர் எங்கே இறங்குவார்? இறங்கினால் விழுவார், இறங்காவிட்டால் அடிபடுவார். வீதி நன்றாக வந்தபின் மோட்டார் சைக்கிள் வேகம் கூடியது, மண் டிப்பர் வேகம் கூடியது. சைக்கிளுக்கு மட்டும் இடம் குறைந்தது.

அடுத்தது நெல். அறுவடைக் காலத்தில் வீதியின் பாதி நெல் காயும் களம். அதற்குக் காவலாகக் கல்லும் மரக்கட்டையும். விவசாயியைக் குறை சொல்வது எளிது. மெசினால் வெட்டிய நெல் ஈரத்தோடு வருகிறது, காயவைக்கத் தளம் இல்லை, வியாபாரி ஈரத்தைக் காட்டி விலையை அடிக்கிறார். அவர் என்ன செய்வார்? ஆனால் மஃரிபுக்குப் பின் அந்தக் கல்லில் ஏறி விழுவதும் இன்னொரு ஏழைதான்.

அடுத்தது குப்பை. பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்ரிக் தின்று யானைகள் செத்த செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. எட்டு வருடத்தில் இருபது யானை என்று எழுதினார்கள். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அது. வேறு யாரும் வந்து கொட்டியது இல்லை. பள்ளக்காட்டில் மட்டுமா? குளக்கட்டு ஓரத்தில் பம்பர்ஸும் பிரியாணிப் பெட்டியும் கிடக்கிறதே, அதை யார் போட்டது? ஓடும் வாகனத்திலிருந்து வீசுகிறவர் அந்த நாற்றத்தை அறியமாட்டார். சைக்கிளில் போகிறவர் மூக்கில்தான் அது ஏறும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 26ஆம் திகதியை நம் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். மாவடிப்பள்ளியில் வீதியைக் கடந்த வெள்ளம், வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்கள் இருந்த உழவு இயந்திரத்தைக் கொண்டுபோனது. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. காரைதீவிலிருந்து சம்மாந்துறை ஊடாக அம்பாறை போகும் அந்த வீதி, வெயில் காலத்தில் பார்த்தால் இந்த மாவட்டத்திலேயே அழகான சைக்கிள் வீதிகளில் ஒன்று. இரண்டு பக்கமும் வயல், தண்ணீர், கொக்கு. அழகாக இருப்பதற்கும் ஆபத்தாக இருப்பதற்கும் காரணம் ஒன்றுதான், தாழ்ந்த நிலத்தில் போடப்பட்ட வீதி. அப்படிப்பட்ட வீதிக்குத் தடுப்பும், ஆழம் காட்டும் தூணும், தண்ணீர் ஏறினால் மூடுகிற ஒழுங்கும் கட்டாயம் வேண்டும். உல்லாசப் பயணிக்காகக் கேட்கவில்லை. நம் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம்.

இனி எல்லோரும் தவிர்க்கும் விசயத்துக்கு வருகிறோம்.

உயர்தர விஞ்ஞானப் பிரிவும் கணிதப் பிரிவும் எல்லாப் பாடசாலையிலும் இல்லை. நல்ல ஆசிரியர் இருக்கும் வகுப்பு அடுத்த ஊரில் இருக்கும். நான்கு, ஐந்து கிலோமீற்றர். மட்டமான வீதி. சைக்கிளில் இருபது இருபத்தைந்து நிமிடம். ஆண் பிள்ளை ஏறிப் போய்விடுகிறான். பெண் பிள்ளை காக்கா வந்து கொண்டுபோக வேண்டும், அல்லது ஓட்டோ பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 200 ரூபா என்று வைத்தாலும் இருபது நாளைக்கு 4,000. வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் 8,000. கூலி வேலை செய்யும் வாப்பா எங்கே போவார்? கடைசியில் அந்தப் பிள்ளை "எனக்குக் கலைப்பிரிவு விருப்பம் சேர்" என்று வந்து சொல்கிறாள். விருப்பம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கலைப்பிரிவு தாழ்ந்தது என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் பாடத்தை அவளுடைய மூளை தீர்மானிக்க வேண்டும், ஓட்டோக் கூலி தீர்மானிக்கக் கூடாது.

இதற்கு வரும் பதில்களை வரிசையாக எடுப்போம்.

"பாதுகாப்பு இல்லை." சரி. பயப்படும் வாப்பாவை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் என்ன பயம் என்று அவரைக் கேளுங்கள். பாதிப் பயம் டிப்பரைப் பற்றியது, மீதிப் பயம் பாலத்துக் கட்டில் குந்தியிருந்து கூவும் பொடியன்களைப் பற்றியது. டிப்பரை மெதுவாக்க முடியும். பொடியன்களைத் திருத்த முடியும். இரண்டையும் செய்யாமல் பிள்ளையை வீட்டுக்குள் வைப்பது, திருடனை விட்டுவிட்டுக் கடைக்காரனைக் கடையை மூடச் சொல்வது போன்றது.

"மார்க்கம் என்ன சொல்கிறது?" நாங்கள் மௌலவிமார் இல்லை, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நம் எல்லோருக்கும் குர்ஆன் மத்ரஸாவிலேயே சொல்லித் தரப்பட்டதை நினைவுபடுத்துகிறோம். ரஸூலுல்லாஹ்வின் காலத்துப் பெண்கள் ஒட்டகத்தில் பயணம் செய்தவர்கள். வீதியில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சொன்னபோது, அப்படியானால் வீதிக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று நபியவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பார்வையைத் தாழ்த்துவது, யாருக்கும் தொல்லை கொடுக்காமல் இருப்பது, ஸலாத்துக்குப் பதில் சொல்வது, நல்லதை ஏவித் தீயதைத் தடுப்பது. அந்தக் கட்டளை யாருக்கு? வீதியில் உட்கார்ந்திருப்பவருக்கு. வீதியால் போகிறவளுக்கு இல்லை. பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுக்கிறோமே, பாதையில் கிடக்கும் தொல்லை கல்லும் முள்ளும் மட்டும்தானா?

"அபாயா செயினில் மாட்டும்." மாட்டும்தான். அதற்குச் செயின் கவர் இருக்கிறது, பார் இல்லாத லேடிஸ் சைக்கிள் இருக்கிறது, பின் சில்லுக்கு வலை இருக்கிறது. உடையை ஒதுக்கிக் கட்ட ஒரு கிளிப் போதும். சைக்கிள் கடைக்காரரைக் கேட்டால் ஒரு மணித்தியாலத்தில் பூட்டித் தருவார்.

"ஊர் என்ன சொல்லும்?" 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றபோது ஊர் என்ன சொன்னது? டொக்டரும் சைக்கிளில் போனார், அதிபரும் போனார், ஆசிரியைகளும் போனார்கள். பழைய சைக்கிளுக்குக் கூட அப்போது விலை ஏறியது. யாரும் யாரையும் கேட்கவில்லை. பெற்றோல் வந்ததும் சைக்கிள் மறுபடி ஏழையின் வாகனமும் பெண்ணுக்கு ஆகாத வாகனமுமாக மாறிவிட்டது. தேவை வந்தால் கூடும், தேவை போனால் கூடாது என்றால் அது கொள்கை இல்லை, கூச்சம்.

"இந்த வெயிலுக்கு யார் சைக்கிள் ஓடுவான்?" காலை ஏழு மணிக்கு வெயில் இல்லை. பகல் ஒன்றரைக்கு இருக்கிறது. அதற்கு நிழல் வேண்டும். வீதி அகட்டும்போது வெட்டிய மரங்களுக்குப் பதிலாக நட்ட மரங்கள் எத்தனை? உங்கள் ஊர் வீதியில் எண்ணிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவிலுக்குப் போனால் தமிழ் ஊர். அம்பாறைப் பக்கம் போனால் சிங்களக் கிராமங்கள். இந்தக் குளங்களின் தண்ணீர் மூன்று சமூகத்தின் வயலுக்கும் பாய்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அடுத்த ஊருக்குள் போகவே நம் பிள்ளைகள் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. கண்ணாடி ஏற்றிய வானில் போகிறவர் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. சைக்கிளில் போகிறவர் தண்ணீர் கேட்க நிறுத்துகிறார், காற்றடிக்க நிறுத்துகிறார், வழி கேட்க நிறுத்துகிறார். எங்களுக்கு டியூப் ஒட்டித் தந்தவர்களில் மூன்று சமூகத்தவரும் இருக்கிறார்கள். ஒருவர் காசும் வாங்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்லிணக்கம் பற்றிப் பத்துக் கட்டுரை எழுதக் கொடுப்பதை விட, பக்கத்து ஊர்க் குளம் வரை ஒரு தடவை சைக்கிளில் கூட்டிப்போவது பலன் தரும்.

திட்டுவது மட்டும் எங்கள் நோக்கம் இல்லை. கேட்பது இவைதான்:

1. காபட் வீதிகளின் ஓரத்தைக் கிரவல் போட்டு வீதி மட்டத்துக்கு நிரப்புங்கள். புதிதாகப் போடும் வீதிக்கு இரு பக்கமும் சைக்கிள் போகும் அகலத்துக்கு ஓரம் விடுங்கள். கோடு கீறினால் போதாது.

2. பாடசாலை நாட்களில் காலை 6.45 முதல் 7.45 வரையும், பகல் 1.30 முதல் 2.30 வரையும் மண் டிப்பர்கள் ஊர் வீதிகளில் ஓடக் கூடாது. டிப்பர் வைத்திருப்பவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். ஜும்ஆ முடிந்து பத்து நிமிடம் கூடிப் பேசினால் முடியும்.

3. விவசாய அமைப்புகள் நெல் காயவைக்கப் பொதுத் தளம் கேட்டு எழுதட்டும். நாங்களும் கையெழுத்து வைக்கிறோம். அதுவரை வீதியின் ஒரு பக்கம் மட்டும், இரவில் கல்லும் கட்டையும் இல்லாமல்.

4. வெள்ளம் கடக்கும் இடங்களில் மாரி தொடங்க முன் தடுப்பும் அளவுத் தூணும்.

5. பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு ஜும்ஆவையாவது வீதியின் உரிமைக்கு ஒதுக்குங்கள். பெண் பிள்ளைகளின் உடையைப் பற்றி எத்தனை குத்பா கேட்டுவிட்டோம். பாலத்தில் குந்தியிருப்பவனின் கண்ணைப் பற்றி ஒன்று கேட்போமே.

6. பாடசாலைகளில் பெண் பிள்ளைகளின் சைக்கிளுக்கு நிழலுள்ள தரிப்பிடம். ஒரே பக்கம் போகும் நான்கைந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் ஒழுங்கு. தனியே போகும் பிள்ளையிடம் வாய் காட்டுகிறவன் ஐந்து பேருக்கு முன்னால் அடங்குவான்.

7. குளக்கட்டில் குப்பை போடுகிறவரைப் படம் பிடித்துப் போடுவதற்கு முன், அங்கே ஒரு தொட்டி வைத்து அதை ஒழுங்காக அள்ளுங்கள்.

இந்த ஏழும் நடந்தால் உல்லாசப் பயணிக்கென்று தனியாக எதுவும் போடத் தேவையில்லை. மீன்காரக் காக்காவும் பள்ளிப் பிள்ளையும் பயமில்லாமல் போகும் வீதியில் எந்த நாட்டவரும் போவார். நம் பிள்ளை இறங்க வேண்டிய வீதியில், வெளிநாட்டுப் பெண் ஓடுவதைக் காட்டிச் சம்பாதிக்க நினைப்பது நமக்கு வெட்கம்.

வாப்பாமாரிடம் கடைசியாக ஒன்று. முடிந்தால் இந்தச் சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள குளக்கட்டு வரை போய் வாருங்கள். அவள் சைக்கிளில், நீங்கள் உங்கள் சைக்கிளில், பின்னால். பின்னால் போனால்தான் வீதி அவளுக்கு எப்படி இருக்கிறது என்று தெரியும். எந்த இடத்தில் ஓரம் இல்லை, எந்த இடத்தில் யார் கூவுகிறான், எந்த டிப்பர் எவ்வளவு கிட்ட உரசுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலோடு பிரதேச சபைக்கும் பள்ளிவாசலுக்கும் போவோம். நாங்களும் வருகிறோம்.

மறுத்துப் பேச விரும்புபவர்கள் கீழே சொந்தப் பெயரில் எழுதுங்கள். பதில் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.